சேனை விதையை எடை பார்த்து வெட்டாதீர்கள்

மாசி பிறந்தால் கன்னியாகுமரிப் பக்கம் சேனைக்கிழங்குக்குக் குழி வெட்டத் தொடங்கிவிடுவோம். ‘கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு’ என்று இங்கே ஒரு சொல் உண்டு. கும்பம் என்றால் மாசி. இந்த மாசியில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி முதல்முறையாகச் சேனை போட்டான். அவன் விதைக்காகக் கிழங்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வயிறு பகீரென்றது. பதினைந்து வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் வெட்டினேன்.

தண்ணீர் தேங்கக் கூடாது, களை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். செய்யக் கூடாத நான்கு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கறிக்கு அரிவது போல விதையை அரிவது

ஒரு சேனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். போன வருடத் தண்டு கழன்று விழுந்த இடம் அது. அதற்குள் இளஞ்சிவப்பாக ஒரு முளை, முளையைச் சுற்றி ஒரு வளையம். புதுச் செடி அங்கிருந்துதான் வர வேண்டும். அடிப்பக்கத்துச் சதை எவ்வளவு கனமாக இருந்தாலும் அதை நம்பி நட முடியாது.

இது தெரியாமல் மூன்று கிலோ, நான்கு கிலோ கிழங்குகளை நான் குறுக்காக வட்டம் வட்டமாக அரிந்து நட்டேன். மேல் வட்டங்கள் முளைத்தன. மற்ற குழிகளில் வைகாசி வரை ஒன்றும் தலைகாட்டவில்லை. ஒன்றைத் தோண்டினேன், விரலில் கூழாக ஒட்டியது, நாற்றம் தாங்கவில்லை.

நஷ்டத்தைக் கணக்குப் போடுங்கள். 90 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 குழி. குழிக்கு 750 கிராம் என்றாலும் 3,750 கிலோ விதை. சேனையில் பெரிய செலவே அதுதான்.

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது, சொல்லிக் கொடுப்பவர்கள் எடையோடு நிறுத்திக்கொள்வதால்தான். ‘முக்கால் கிலோ துண்டு போடு’ என்கிறார்கள். எங்கே கத்தி வைப்பது என்று சொல்வதில்லை. தம்பியும் அதையே கேட்டான்: “அண்ணே, துண்டு முக்கால் கிலோ இருக்குல்லா, முளைக்காதா?”

கத்தியை அந்தப் பள்ளத்தின் நடுவில் வைத்து, பூசணியைக் கீறுவது போல மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். மூன்று கிலோ கிழங்கு என்றால் நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் அந்த வளையத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். குழியில் வைக்கும்போது அந்தப் பக்கம் மேலே பார்க்கட்டும்.

தம்பி வெட்டியதில் முளையில்லாத துண்டுகளை அன்றே கறிக்குக் கொடுத்துவிட்டோம். மிச்சக் கிழங்கு தப்பியது.

வெட்டிய ஈரத்தோடு நடுவது

கெட்டியான சாணிப்பாலில் முக்கி, நிழலில் உலர்த்திவிட்டு நடுங்கள்.

தண்டில் மண்வெட்டி படுவது

பார்க்க மரம் போல நின்றாலும் சேனையில் தண்டும் விரிந்த தழையுமாக நிற்பது ஒரே ஒரு இலைதான். கிழங்கு பெருப்பது அந்த ஒன்றை நம்பித்தான். மண் அணைக்கும்போது தண்டில் காயம் பட்டால் அந்த வழியே அழுகல் ஏறும். ஒடிந்தே போனால், அடுத்த இலை கிழங்கில் சேர்ந்ததைத் தின்றுதான் வெளியே வரும். அதனால் தூரைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு நான் கையால்தான் களை பறிக்கிறேன்.

பச்சைத் தண்டோடு விதைக்குத் தோண்டுவது

கறிக்கு விற்பதென்றால் உங்கள் விருப்பம். விதைக்கு என்றால் எட்டு, ஒன்பது மாதம் ஆகி, தண்டு மஞ்சளாகிச் சாய்ந்து உலரும் வரை மண்வெட்டியை எடுக்காதீர்கள்.