மாதிரி ரயிலுக்கு டேர்ன்டேபிள் கிட் வாங்கியவர்களுக்கு: பசையைக் கடைசியாகத் திறங்கள்

டேர்ன்டேபிள் என்பது வட்டக் குழிக்குள் நடுத்தண்டில் சுற்றி, மேலே நிற்கும் எஞ்சினைத் திருப்பிவிடும் பாலம். என்னுடைய முதல் கிட்டை வந்த அன்றிரவே மினக்கெட்டு ஒட்டி முடித்தேன். விடியப் பார்த்தால் பாலம் கால்வாசி சுற்றிவிட்டு இறுகி நின்றது. கழற்றப் போக நடுத்தண்டு உடைந்தது. இங்கே இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் எங்களுக்கு இந்தச் சாமான் பெரும்பாலும் லண்டனிலோ கனடாவிலோ இருந்து ஆரின்ரையோ சூட்கேசில்தான் வருகிறது. எனக்கு அடுத்த பாகம் வந்தது சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது. ஆகவே முழுவதையும் ஒட்டாமல் பூட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகே பசை.

முதலில் அளவு. எச்ஓ அளவில், அதாவது 87இல் 1 பங்கில், 60 அடி டேர்ன்டேபிள் ஏறக்குறைய 21 சென்ரிமீற்றர் வரும். உங்களிடம் உள்ள ஆக நீளமான எஞ்சினின் முதல் சில்லிலிருந்து கடைசிச் சில்லு வரை அளந்து, அதற்கு மேல் 2 சென்ரிமீற்றராவது மிஞ்சினால் போதும். நீராவி எஞ்சினுக்கு மட்டுந்தான் இது தேவை என்று நினைக்க வேண்டாம், 1954இல் கனடாவிலிருந்து வந்த எங்கள் இலங்கை ரயில்வேயின் எம்2 டீசல் எஞ்சினுக்கும் ஒரு பக்கம்தான் ஓட்டுநர் கபின்.

பலகைக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட் எடுங்கள். மரத்தூள் அழுத்திய பலகை மலிவு, ஆனால் கார்த்திகை மழைக்கு ஊதிவிடும், வட்டமாக வெட்டிய ஓட்டை வட்டமாக இராது. நடுவில் ஆணி அடித்து, துளையிட்ட ஒரு தடியில் பென்சில் செருகி வட்டம் கீறி, குழியின் வெளி விளிம்பை விட 1 மில்லிமீற்றர் கூட்டி வெட்டுங்கள். வெட்டிய விளிம்புக்கு இரண்டு தரம் பெயின்ற் பூசினால் ஈரம் ஏறாது, கறையானும் கொஞ்சம் யோசிக்கும். பிளாஸ்ரிக் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிடுங்கள், அச்சில் இருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ற் உரிந்து வரும்.

இனி உண்மையான வேலை, நடுத்தண்டு. பாலத்தின் பாரம் முழுவதும் நடுத்தண்டில்தான் இருக்க வேண்டும். இரு முனைச் சில்லுகளும் கீழேயுள்ள வளையத் தண்டவாளத்தைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். சில்லு அழுத்தினால் இறுகும், கூட உயர்ந்தால் எஞ்சின் ஏறும்போது பாலம் ஆடும். மெல்லிய வாஷர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள், அதற்கு முன் குழியைச் சுற்றி நாலு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்டுக்குப் பென்சில் கரித்தூள் போடலாம் என்பார்கள். கரி மின்சாரம் கடத்தும். கீழே பாலத்துக்கு மின்சாரம் கொடுக்கும் செப்பு வளையம் இருந்தால் வேண்டாம்.

தண்டவாளம் போட ஒரு சுருக்குவழி. பாலத்துக்கும் இரு கரைகளுக்கும் சேர்த்து ஒரே நீளத் தண்டவாளமாக வைத்து நன்றாகப் பொருத்திவிட்டு, குழி விளிம்பில் மெல்லிய வாளால் அறுங்கள். இரண்டு பக்கமும் தானாகவே நேராக இருக்கும். நகைப்பட்டறையில் பாவிக்கும் கம்பிவாள் இதற்கு அருமை. வெட்டு அரை மில்லிமீற்றர் போதும், முனைகளை அரத்தால் லேசாகச் சாய்த்துவிடுங்கள். மற்றப் பாதைகளுக்கு, 30 சென்ரிமீற்றர் பாலமென்றால் 15 பாகைக்கு ஒன்று என்று வைத்தால் விளிம்பில் சுமார் 4 சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும். 10 பாகையென்றால் சிலிப்பர்கட்டைகள் முட்டும், நறுக்கத்தான் வேண்டும்.

வயரிங்கில்தான் பலர் தடுமாறுவது. பாலம் அரைச்சுற்றுப் போனதும் இடத் தண்டவாளம் வலமாகிவிடும், பிளஸ் மைனஸைச் சந்திக்கும், எஞ்சின் கால் வைத்ததும் ஷோர்ட். இதற்காகவே மின்சாரம் கொடுக்கும் வளையத்தை இரண்டு அரை வட்டமாகப் பிரித்திருப்பார்கள், பாலம் அந்தப் பிரிவைக் கடக்கும்போது பிளஸ் மைனஸ் முனைகள் தாமாக மாறும். அந்தப் பிரிவுகளை ஒரு பாதையும் வராத திசையில் வையுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் சரியாக அங்கேயே செத்து நிற்கும். பிரியாத வளையமென்றால் ஆறு கால் சுவிட்ச் ஒன்றைக் குறுக்காக வயர் போட்டுக் கையால் மாற்றலாம். டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் சிக்னல் அனுப்பி எஞ்சினை ஓட்டும் முறை, பாவிப்பவர்கள் தானாக முனை மாற்றும் சர்க்கிற் ஒன்று வாங்கிவிடுங்கள், பேந்து தலையிடி இல்லை.

மோட்டார் இப்போதே வேண்டாம். கையால் ஒரு மாதம் சுற்றுங்கள், எங்கே இறுகுகிறது என்று விரலுக்குத்தான் தெரியும். பிறகு நிமிடத்துக்கு ஒரு சுற்று ஓடும் 12 வோல்ற் கியர் மோட்டார் பார்க்கலாம். பழைய மைக்ரோவேவில் கழற்றிய மோட்டார் பலதும் நேரே 230 வோல்ற்றில் ஓடுவது, பிள்ளைகள் தொடும் மேசையில் அதைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

எஞ்சின் நாலு திசையிலும் தடக்காமல் ஏறி இறங்கினால் பசையைத் திறக்கலாம். வளையத் தண்டவாளத்துக்கு மட்டும் துளித்துளியாக வைத்து, ஒவ்வொரு துளிக்கும் ஒருக்கால் பாலத்தைச் சுற்றிப் பாருங்கள். மாரி முடிந்து தை மாதம் திரும்ப ஒரு தரம் பார்க்க வேண்டும், அந்த அரை மில்லிமீற்றர் வெட்டு எங்காவது மூடியிருக்கும். அரத்தை மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.