உடைந்த போல்ட்டைக் கழற்ற முதலில் ஈசி-அவுட்டைத் தேடாதீர்கள்

பைக் சைலன்சரைக் கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்துபோவது பட்டறைகளில் சாதாரணமாக நடப்பதுதான். அந்த இடம் தினமும் சூடாகி ஆறுகிறது, மழையில் நனைகிறது. இப்படிச் சில வருடங்கள் போனால் இரும்பு ஸ்டட் அலுமினிய மரைக்குள் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அது முறிந்ததும் உடனே ஈசி-அவுட்டை எடுக்கிறோம்; உடைந்த துண்டில் ஓட்டை போட்டு, உள்ளே நுழைத்துத் திருப்பிக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் அது. நூறு ரூபாய் ஸ்டட்டோடு முடிய வேண்டிய வேலை, ஹெட்டையே மாற்றும் செலவாக வளர்வது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவியைத் தேடுவதற்கு முன், போல்ட் ஏன் முறிந்தது என்று பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் விடுவதுதான் என் கணக்கில் முதல் தவறு. அளவுக்கு மேல் முறுக்கியதால் தலை போயிருந்தால், மரைக்குள் துரு இருக்காது. தலை போனதுமே இழுவிசையும் போய்விடும்; உள்ளே இருக்கும் துண்டு ஏறக்குறைய தளர்ந்தே கிடக்கும். கூரான பஞ்ச்சை ஓரத்தில் வைத்து, கழற்றும் திசையில் லேசாகத் தட்டினாலே பல சமயம் சுற்றி வெளியே வந்துவிடும். இல்லையென்றால் இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் போதும். ஓட்டை போடும்போதே துண்டைக் கழற்றிக்கொண்டு வரும்.

துருவால் இறுகி, கழற்றும்போது முறிந்தது என்றால் கதை வேறு. 8 மில்லி தடிமன் உள்ள ஸ்டட் முழுசாக இருந்தபோதே அந்த முறுக்கைத் தாங்கவில்லை. அதன் நடுவில் ஓட்டை போட்டு நுழைக்கும் எக்ஸ்ட்ராக்டர் 4 மில்லிதான். ஒரே உலோகமாக இருந்தால், விட்டம் பாதியானால் முறுக்கைத் தாங்கும் பலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். எக்ஸ்ட்ராக்டரின் எஃகு கடினமானது, அதனால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் கடினமான எஃகு வளையாது, பட்டென்று ஒடியும். போதாததற்கு, கூம்பு வடிவ ஈசி-அவுட் உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது. எக்ஸ்ட்ராக்டர்தான் வேண்டும் என்றால், கூம்பு இல்லாமல் நேர்ப்பற்கள் உள்ள வகையை வாங்குங்கள். விரிக்கும் தொல்லை அதில் குறைவு.

அப்புறம், வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து மில்லி இருந்தாலே அது பெரிய வரம். டிரில் பண்ண வசதியாக இருக்கட்டும் என்று அதை மட்டமாக அறுத்துவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நீட்டலில் அரத்தால் இரண்டு பக்கமும் தட்டையாக ராவி வைஸ் கிரிப்பால் பிடிக்கலாம், அல்லது ஸ்டட்டைச் சுற்றிலும் கவ்வும் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டரைப் போடலாம். ஒரே திசையில் இழுக்காமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் விட்டு, மறுபடி அதையே செய்ய வேண்டும்.

துருப்பிடித்த ஸ்டட்டுக்கு நான் முதலில் சொல்வது, முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாகவே வெல்டிங் போடுவது. பிடித்துத் திருப்ப நட்டு கிடைப்பது பாதி லாபம்தான். வெல்டிங்கின் சூடு துருவின் பிடியை உடைப்பது மீதிப் பாதி. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால், ஸ்டட் கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும் கை தேர்ந்த வெல்டர் மேலே மேலே வைத்து எழுப்பிவிடுவார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்தபின் மெதுவாகத் திருப்பினால் போதும்.

சூடு காட்டுவதிலும் கவனம் வேண்டும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டைச் சூடாக்குவதுதான் பலன் தரும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரிக்குப் பக்கத்தில் திடீரென்று உருகும், கலவை உலோகம் அதற்கும் முன்பே. கேஸ் வெல்டிங் தீ இதற்கு வேண்டாம். சின்ன டார்ச் அல்லது ஹீட் கன் போதும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே கூடாது. குளோரின் கலந்த வகைகள் சூட்டில் விஷவாயு தரும்.

டிரில் பிட்டுக்கு வருவோம். இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். மலிவான பிட் கடினமான ஸ்டட்டின் மேல் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். கோபால்ட் கலந்த பிட் வாங்குங்கள். முறிந்த முகத்தைச் சமமாக ராவி, நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, குறைந்த வேகத்தில், கட்டிங் ஆயில் விட்டு இறக்குங்கள். ஸ்டட் உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தால், லேத் பட்டறையில் அந்த ஓட்டைக்குள் உட்காரும் ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை) கடைந்து வாங்கி, அதன் வழியாக டிரில் பண்ணினால் நடு தவறாது.

எம்8 (8 மில்லி) ஸ்டட்டுக்கு 3 மில்லி பிட்டில் தொடங்கி 6.8 வரை போகலாம், எம்6-க்கு 5 மில்லி. அதற்கு மேல் போகாதீர்கள். நடு சரியாக இருந்தால், மிஞ்சும் மெல்லிய சுருளை ஊசி முனையால் உருவிவிட்டு, டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சுத்தம் செய்யலாம். எக்ஸ்ட்ராக்டரே தேவைப்படாது.

சில இடங்களில் மரையே தலைகீழாக இருக்கும். யமஹா பைக்குகளின் வலதுபக்கக் கண்ணாடி அப்படித்தான். அங்கே இடதுபக்கப் பிட் போட்டால் துண்டு இன்னும் உள்ளே போகும். இணையத்தில் நாலைந்து துண்டாக விற்கும் 'டேமேஜ்டு ஸ்க்ரூ' செட்டுகளும் தலை தேய்ந்த திருகுகளுக்கானவை. துருப்பிடித்த ஸ்டட்டுக்கு அல்ல.

எக்ஸ்ட்ராக்டரைத் திருப்ப இரண்டு கையும் பிடிக்கும் டேப் ஹேண்டில்தான் சரி. ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் ஸ்பேனர் அதை வளைத்து ஒடிக்கும், இம்பாக்ட் கன் கேட்கவே வேண்டாம். மீறி உள்ளே ஒடிந்துவிட்டால் வேலையை நிறுத்துங்கள். சாதாரணப் பிட் அந்த எஃகைத் தொடாது. கார்பைடு வேண்டும், அல்லது மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் வேண்டும். அம்பத்தூர், கோவை, ஓசூர் பக்கம் அச்சு செய்யும் டூல் ரூம்களில் அது இருக்கும். ஹெட்டைக் கழற்றி எடுத்துப்போக வேண்டும். கிளட்ச் கவர் போன்ற வெறும் அலுமினியத் துண்டு என்றால் நாட்டு மருந்துக் கடைப் படிகாரமே உதவும். அடர்த்தியான கரைசலில் போட்டுக் கொதிநிலைக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வைத்தால், உள்ளே ஒடிந்த எஃகு அரித்துப்போகும், அலுமினியம் தங்கும். சிலிண்டர் ஹெட்டை அதில் போடக் கூடாது, வால்வு சீட்டையும் தின்றுவிடும்.

மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போட்டுக்கொள்ளலாம், அதற்குரிய டேப்போடு. புது ஸ்டட்டில், மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவி மாட்டுங்கள். அது உராய்வைக் குறைப்பதால், கையேட்டில் உள்ள டார்க்கைவிட (முறுக்கு அளவைவிட)க் கொஞ்சம் குறைத்தே முறுக்குங்கள்.