ஊட்டிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்

டிசம்பர் வந்தால் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் எல்லாம் விடியற்காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும், தேயிலை கருகும். கிராம சுகாதார செவிலியராக இந்த மலையில் வீடு வீடாக ஏறி இறங்கும் நான் பிப்ரவரி முடியும்வரை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஜன்னலைத் திறங்கள். "இந்தக் குளிர்லயா நர்சம்மா?" என்பார்கள். ஆமாம், இந்தக் குளிரில்தான்.

வெறும் குளிர் யாருக்கும் சளிக்காய்ச்சலைத் தருவதில்லை. அதற்கு வைரஸ் வேண்டும். குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் ஆறு பேர் படுத்தால், ஒருவர் இருமியது மற்ற ஐந்து பேருக்கும் போகிறது. பகலில் வெயில் ஏறியதும் எல்லா ஜன்னலையும் நன்றாகத் திறந்துவிடுங்கள். கம்பளியையும் போர்வையையும் வெயிலில் போடுங்கள். இரவில் நாலு விரல் அகலம் திறந்திருந்தால் போதும். காற்று நேராக மேலே படாதபடி படுக்கையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, கரி நெருப்பு. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். சட்டியில் கரியைப் போட்டுக் குளிர் காய்ந்துவிட்டு, அதை அறைக்குள்ளேயே வைத்துத் தூங்காதீர்கள். கனன்ற கரியில் புகை தெரியாது, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாமலே உயிர் போய்விடும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதே என்று இதில் தைரியம் கொள்ள வேண்டாம். நெருப்பு வாசலோடு இருக்கட்டும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு, அதை வெளிச்சுவரில்தான் மாட்ட வேண்டும். நெருப்பு இருக்கும் அறையில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108க்கு அழையுங்கள்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நெருப்பைவிட அம்மாவின் நெஞ்சே நல்ல சூடு. குழந்தையின் உடம்பு அம்மா உடம்பில் படும்படி அணைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்த்துங்கள். முகத்தை மட்டும் மூடக் கூடாது. பிறந்த முதல் நாளில் குளிப்பாட்டவே வேண்டாம். கற்பூரம் சேர்ந்த தைலம் இரண்டு வயதுக்குள் ஆகாது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் கூடாது, பாட்டி சொன்னாலும் சரி.

சளி பிடித்த குழந்தைக்கு மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பெரியவர்களுக்குக் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். மாத்திரையை விடவே கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறோம். நடைப்பயிற்சியை வெயில் வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் வயதானவர்களும் ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குளிர் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

குளிரில் தாகம் தெரியாது. தாகம் இல்லாவிட்டாலும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடியுங்கள். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதி வந்தபிறகும் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். கை கழுவப் பச்சைத் தண்ணீரே போதும், சோப்புதான் முக்கியம்.

சாதாரண சளிக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள், வைரஸிடம் அது பலிக்காது. ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதைப் பனி இருமல் என்று தள்ளிவிடக் கூடாது. டிபி இருக்கிறதா என்று சளியைப் பார்த்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசில்லை. சளி எடுக்கும் டப்பாவை உங்கள் ஊர் செவிலியரிடம் கேட்டாலே போதும், மீதியை அவரே சொல்லித் தருவார்.