பினாங்கில் சனி, ஞாயிறு: இருவராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் முதல் திருமண நாளுக்கு நானும் என் கணவரும் பினாங்குக்குப் போனோம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோலாலம்பூரிலிருந்து நேராகக் காரை எடுத்தோம். நெடுஞ்சாலையில் ஊர்ந்து, ஈப்போவில் இறங்கிச் சாப்பிட்டு, பாலம் தாண்டிப் பத்து பெரிங்கி கடற்கரை விடுதியை அடைந்தபோது நள்ளிரவு ஆகிவிட்டது. மறுநாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. பசியாறப் பழைய நகரமான ஜார்ஜ்டவுன், அப்புறம் கொடிமலை என்னும் பினாங்கு மலை, மாலையில் மறுபடி ஜார்ஜ்டவுன், இரவு திரும்பவும் பெரிங்கி. அன்று முழுவதும் காரில்தான் இருந்தோம். அவர் சாலையைப் பார்த்தார், நான் கைப்பேசியில் வழியைப் பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன்பின் பலமுறை போய்விட்டோம். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், இரண்டு நாள் பயணம் கெடுவது பெரும்பாலும் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான்.

பத்து பெரிங்கியும் ஜார்ஜ்டவுனும் ஒரே தீவில்தானே இருக்கின்றன என்று நினைப்போம். கடலோரமாக வளைந்து போகும் அந்தச் சாலை வாரயிறுதியில் எளிதாக ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். கடல்தான் வேண்டுமென்றால் பெரிங்கியிலேயே தங்கி, கடலோடு இருங்கள். தெருக்களும் சாப்பாடும் வேண்டுமென்றால் பழைய நகரத்துக்குள் அறை எடுங்கள். இரண்டையும் சேர்த்துக்கொள்ள மூன்றாவது நாள் வேண்டும். நகரத்துக்குள் பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், பார்க்க மிக அழகு. ஆனால் சிலவற்றில் மின்தூக்கி இருக்காது, சில அறைகளுக்குச் சன்னலே இருக்காது. பணம் கட்டுமுன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கார். தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் காரோடு பெர்ரியில் ஏறிய நினைவு நம் அப்பா அம்மாவுக்கு இருக்கும். 2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. காரில் போனால் பாலம்தான் வழி. அது 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமாக இருக்கலாம், இல்லையென்றால் 2014இல் வந்த இரண்டாவது பாலம். பாலம் தாண்டியபின் ஜார்ஜ்டவுனின் ஒருவழிச் சாலைகளில் சுற்றிச் சுற்றி நிறுத்துமிடம் தேட வேண்டும். நாங்கள் இப்போது கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்னும் மின்ரயிலில் போகிறோம். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து பெர்ரித் துறைக்கு நடந்தே போகலாம். கடல் காற்று முகத்தில் பட, தீவு மெல்லப் பக்கத்தில் வருவதை இருவரும் சேர்ந்து பார்க்கும்போதே பயணம் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரயிறுதியிலும் ரயில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், போகவும் வரவும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

சரி, கொடிமலை. எல்லோரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் போகிறார்கள். பக்கத்து மாநிலமான கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் சனிக்கிழமை அங்கிருந்து வரும் குடும்பங்களும் நம்மோடு அதே வரிசையில் நிற்கும். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அது. மேலே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது, கீழே காத்திருப்பதுதான் பாதி நாளைத் தின்றுவிடும். ஞாயிறு விடிகாலையில் போங்கள். குளிர்ந்த காற்றில், கீழே நகரமும் பாலமும் பனியிலிருந்து மெல்ல வெளிவருவதைப் பார்க்கலாம். மேலே அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, கூட்டம் வருமுன் நிதானமாகக் கும்பிடலாம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. உங்கள் துணை தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் அவருக்கு வெளிநாட்டுக் கட்டணம்தான், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை முருகனையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் 500க்கும் மேற்பட்ட படிகளை நண்பகல் வெயிலில் ஏற வேண்டாம். காலையோ மாலையோ போங்கள். தைப்பூச வாரத்தில் பினாங்குக்குப் போவது தனிப் பேறு. ஆனால் ரத ஊர்வலத்துக்குச் சாலைகளை மூடிவிடுவார்கள், அறையும் கிடைக்காது. இருவரும் அமைதியாக இருக்க நினைக்கும் பயணத்தை வேறு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பதிகளுக்குள் மனத்தாங்கல் வருவது இங்கேதான். ஒருவர் எல்லாம் சாப்பிடுவார், மற்றவர் வெள்ளிக்கிழமை சைவம், அல்லது புரட்டாசி முழுவதும் சைவம். அங்காடிக் கடைகளில் 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. பினாங்கு லக்சா என்னும் நூடுல்ஸின் குழம்பே மீனில் கொதித்தது. பழ ரோஜாக்கின் கறுப்புச் சாற்றில் இறால் விழுது இருக்கும். சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் கிண்டுவார்கள். சைவம் சாப்பிடுகிறவரை ஒவ்வொரு கடையிலும் சும்மா உட்காரவைப்பது பாவம். ஒரு வேளையாவது லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாடு சாப்பிடுங்கள். மத்தியானம் செண்டோல் இருவருக்கும் பொது, தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும்தான் அதன் உயிர்.

நாசி கண்டார் சாப்பிடுகிறவர்கள் நீண்ட வரிசைக் கடைகளை நண்பகலில் தேடிப் போக வேண்டாம், பதினொரு மணிக்கே போய்விடுங்கள். தமிழ் முஸ்லிம்கள் 'கண்டார்' என்னும் காவுதடியில் கட்டித் தோளில் சுமந்து விற்ற சோறு அது. 'பஞ்சீர்' என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்றுவார்கள். விலை ஒட்டியிருக்காத இடத்தில் பெரிய இறாலையோ மீன் முட்டையையோ சுட்டிக்காட்டுமுன் எவ்வளவு என்று தமிழிலேயே கேளுங்கள், பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். இன்னொன்று, கடைகள் அவரவர் வசதிப்படி வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடியிருக்கும். ஒரே ஒரு கடையை நம்பி வெயிலில் நடந்து போய், மூடிய கதவின் முன் நிற்பதைவிட, பக்கத்திலேயே இன்னொன்றையும் மனதில் வைத்திருப்பது நல்லது.

ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டிச் சிறுவர்கள் ஓவியத்தின் முன் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. காலை எட்டு மணிக்குள் போனால் தெருவே உங்களுடையது. அப்படியே நடந்து, 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மனைக் கும்பிடலாம். எல்லாம் சில நிமிட நடைதான். சியூ படகுத்துறைக்குப் போனால் நினைவிருக்கட்டும், அந்தப் பலகை வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. சன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டாம்.

ஞாயிறு மாலை கடைசி ரயில் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் இரண்டு மணிக்கு முன்பே ஊர் திரும்பும் ரயிலில் ஏறிவிடுவோம். கையில் ஒரு பை ஜாதிக்காய் ஊறுகாய். ஈப்போ தாண்டும்போது பாதி தீர்ந்திருக்கும்.