பிரிட்டனில் கரண்ட், கேஸ் கட்டணம்: மாறும் விலைத் திட்டத்தைத் தேர்வதற்கு முன் ஒரு கணக்கு

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் புது வீட்டுக்குக் குடிபோனால், அங்கே ஏற்கெனவே கரண்டும் கேஸும் தரும் நிறுவனமே உங்களுக்கும் தரும். நீங்களாக எதையும் தேர்ந்தெடுக்காதவரை அதன் மாறும் விலைத் திட்டத்தில்தான் இருப்பீர்கள். இதன் விலைக்கு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் மாறும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். செய்தியில் வரும் வருடத் தொகைக்கு மேல் பில் வராது என்று பலர் நம்புகிறார்கள். வரம்பு யூனிட் விலைக்கும், எதுவும் எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் நிலைக்கட்டணத்துக்கும் மட்டும்தான். 2025 ஜூலை வரம்பாகச் சொல்லப்பட்ட 1,720 பவுண்ட், வருடம் 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கும் வீட்டுக்கான கணக்கு. கூடுதலாக எரித்தால் கூடுதலாகத்தான் கட்ட வேண்டும்.

ஆகவே உங்கள் சொந்த அளவைக் கையில் எடுங்கள். பழைய பில்லில் 12 மாதச் செலவு கிலோவாட் மணியில் இருக்கும். ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட். சிறிய ஃப்ளாட் ஒன்றுக்கு 1,800 யூனிட் கரண்ட், 7,500 யூனிட் கேஸ் என்று வைப்போம். டைரக்ட் டெபிட்டில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) கட்டுவோருக்கான அந்த ஜூலையின் சராசரி விலைப்படி:

கரண்ட்: 1,800 × 25.73 பென்ஸ் = 463 பவுண்ட்
கேஸ்: 7,500 × 6.33 பென்ஸ் = 475 பவுண்ட்
நிலைக்கட்டணம்: 365 × (51.37 + 29.82) பென்ஸ் = 296 பவுண்ட்

மொத்தம் 1,234. இதில் கிட்டத்தட்ட கால் பங்கு, ஒரு விளக்கைக்கூடப் போடாமல் கட்டுவது. குறைவாகச் செலவழிக்கும் வீடு யூனிட் விலையைவிட நிலைக்கட்டணத்தைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும். விலை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். உங்கள் அஞ்சல் குறியீட்டுக்குரிய எண்களையே போடுங்கள். "மாதம் 90 பவுண்ட்தான்" என்று நிறுவனம் சொல்வது தவணைத் தொகை, விலை அல்ல. அதை வைத்து ஒப்பிடவே கூடாது.

கேஸ் மீட்டர் கன அளவைத்தான் காட்டும். கன மீட்டர் என்றால் ஒன்றுக்குச் சுமார் 11 யூனிட். பழைய கன அடி மீட்டரில் ஓர் எண் நகர்ந்தால் 100 கன அடி, அதாவது சுமார் 32 யூனிட். மீட்டர் வகையை நிறுவனம் தப்பாகப் பதிந்திருந்தால் கேஸ் பில் மூன்று மடங்குக்கு அருகில் போய்விடும். மீட்டர் முகப்பில் இருக்கும் m³ அல்லது ft³ குறியை பில்லோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

இதே கணக்கை நிலையான விலைத் திட்டத்துக்கும், அதாவது ஒப்பந்தக் காலம் முழுக்க விலை மாறாத திட்டத்துக்கும், போட்டுப் பாருங்கள். அது தெளிவாகக் குறைவாக இருந்தால், ஒரு வருடம் அதே வீட்டில் இருப்பது உறுதியானால், அதுவே மேல். சில மாதங்களில் வீடு மாறலாம் என்றாலோ, விலை இறங்கும் என்று தோன்றினாலோ, மாறும் விலைத் திட்டத்தில் இருங்கள். விலகுவதற்கு அபராதம் கிடையாது. அடுத்த காலாண்டின் வரம்பு பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பிற்பகுதியில் வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அரைமணிக்கு ஒருமுறை விலை மாறும் திட்டங்களும் உண்டு. அவற்றுக்கு, அளவைத் தானாகவே நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், மாலை நேர விலை எகிறும். மாலையில் சமைக்கும் குடும்பத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஸ்மார்ட் மீட்டர் இல்லாதவர்கள் விலை மாறுவதற்கு முந்தைய நாள், அதாவது மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 அன்று, மீட்டரைப் படம் எடுத்து எண்ணை அனுப்பிவிடுங்கள். அனுப்பாவிட்டால் நிறுவனம் உத்தேசமாகப் பிரிக்கும். பழைய விலையில் எரித்ததில் ஒரு பகுதி புதிய விலையில் ஏறிவிடலாம்.

நிறுவனம் மாறும் நாளிலும் இதே படம் வேண்டும். மாற்றம் பொதுவாக 5 வேலை நாளில் முடியும். மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 14 நாள் இருக்கிறது.