கெட்டிலில் வெள்ளைப் படிவா? எலுமிச்சை உப்பு போடுங்கள்

போர்வெல் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏடுகட்டுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுரண்டாதீர்கள், கீறல் விழும். அரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, சுவிட்சை அணைத்துவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு மேசைக்கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரைக்கும், வெளியேறுவது கரியமில வாயுதான். 20 நிமிடம் கழித்துக் கொட்டி, இரண்டு முறை அலசுங்கள்.

போட்ட பிறகும் கொதிக்கவிட்டால் காரியம் கெடும். படிவும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூட்டில் அவ்வளவாகக் கரையாது. வெள்ளைப் பொடியாகத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். 1784-இல் வேதியியலாளர் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் பிரித்ததே இந்தக் கால்சியம் சிட்ரேட் படிவின் வழியாகத்தான். அவருக்குத் தேவைப்பட்டது, கெட்டிலில் நமக்கு வேண்டாம். எலுமிச்சை உப்பைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.