சோடா பிளாஸ்டிங்: பிரைமர் டப்பாவைத் திறப்பதற்கு முன்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பழைய பத்மினி காரையோ மாருதி 800-ஐயோ வாங்கி, வீட்டு வாசலிலேயே சோடா பிளாஸ்டிங்கில், அதாவது சோடியம் பைகார்பனேட் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, பழைய பெயின்ட்டை உரிக்கும் தம்பிகள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாரும் முக்கியமாக ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: சோடாவைக் கழுவாமல் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சு) அடிப்பது. ஒருகாலத்தில் நானும் வழுக்கிய இடம். மாஸ்க், கண்ணாடி பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

துருவுக்கு சோடா

சோடா பெயின்ட்டையும் பட்டியையும் (பள்ளம் நிரப்பும் பூச்சு) உரிக்கும், துருவை அசைக்காது. துகள் மென்மையானது, தகட்டில் பட்டதும் உடைந்துவிடும். மெல்லிய பானட் சூடேறி நெளியாமல் தப்புவது அதனால்தான். துருவைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

சமையல் சோடா

வேண்டாம். பிளாஸ்டிங்குக்கென்று பருமனான ரகம் தனியாக வருகிறது.

கழுவாமல் பிரைமர் அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சோடா அடித்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கும். அது இருக்கும்வரை வெறும் இரும்பு சட்டென்று துருப்பிடிக்காது. ஸ்ரீராமபுரத்துத் தம்பி ஒருவர், "அண்ணா, பாருங்க, ஒரு பொட்டு துரு இல்லை" என்று பானட்டைத் தடவிக் காட்டினார். கழுவச் சொன்னேன். "தண்ணி ஊத்தினா துரு புடிச்சிடாதா?" என்றார். சோடா விற்றவரும் அதைத்தான் சொன்னாராம். பாதி உண்மை சொல்லி விற்பவர்களை என்ன செய்வது!

மழைக்காலம் வந்ததும் பானட் விளிம்பு நெடுகக் கொப்புளம். காரப் படலத்தின் மேல் பெயின்ட் பிடிப்பதில்லை. எட்ச் பிரைமர் (அமிலத்தால் தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கும் ரகம்) என்றால் இன்னும் மோசம், அதிலுள்ள அமிலத்தையே சோடா முறித்துவிடும். பிரைமர், பெயின்ட், அதன் மேல் அடித்த நிறமற்ற கிளியர் எல்லாவற்றையும் மறுபடி உரித்து, பெயின்டர் கூலியையும் இரண்டாம் முறை கொடுத்தார்.

தகட்டை வெந்நீரால் தாராளமாகக் கழுவுங்கள். அடுத்து நீர் கலந்த வினிகர், மறுபடி நல்ல தண்ணீர். பானட்டின் மடித்த விளிம்பு, கதவின் அடிப்பக்கம், வெல்டிங் இணைப்பு, இங்கெல்லாம் சோடா ஒளிந்திருக்கும். சந்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் இன்னும் பாக்கி இருக்கிறது. பிறகு காற்றடித்து உடனே உலர்த்துங்கள். லேசாகத் துரு பூக்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். எப்படியும் 80 நம்பர் உப்புத்தாள் போட்டாக வேண்டும், ஏனென்றால் சோடா தகட்டில் சொரசொரப்பு உண்டாக்காது. துடைத்துவிட்டு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர்.

கம்ப்ரசர்

2 ஹெச்பி போதாது. மீட்டரில் அழுத்தம் காட்டும், ஆனால் தொடர்ந்து காற்று வராது. பெரியதை வாடகைக்கு எடுங்கள். குழாயில் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இல்லையென்றால், ஜூலை மாதத்து ஈரக் காற்றில் சோடா கட்டிதட்டி நாசிலை அடைத்துவிடும்.

செடிகள்

தார்ப்பாய் விரியுங்கள். சோடியம் மண்ணில் இறங்கினால் செடி கருகும். பக்கத்து வீட்டு அம்மாவின் துளசிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.